பிளாட்பாரத்தில் படுப்பவர்களும் உங்கள் வார்டுக்காரர்கள்தான்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாரிமுனைப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். 14 வருஷமாக அதே தெரு, அதே மாடி. சரக்கு ஏறி, பில் எல்லாம் சரிபார்த்து, நான் படியிறங்க இரவு பத்து, பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியிருக்கும், இறக்கிய ஷட்டருக்கு முன்னால் குடும்பங்கள் படுக்கையை விரித்துக்கொண்டிருக்கும். அவர்களைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். முதல் ஒரு வருஷம் தாண்டிப் போனேன். அப்புறம் நின்று பேச ஆரம்பித்தேன். இந்த மடல் அந்தப் பேச்சிலிருந்து வந்தது.

ஒரு பாத்திரக் கடை வாசலில் படுக்கும் அக்காவைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வீடற்றோர் காப்பகம், திட்டம், ஒதுக்கீடு என்று நீங்கள் மன்றத்தில் பேசும்போது இவரைப் போன்ற ஒருவர் உங்கள் கண்முன் இருக்க வேண்டும். பகலில் பூக்கடைப் பக்கம் உட்கார்ந்து பூ கட்டுகிறார். வீட்டுக்காரர் மீன்பாடி வண்டியில் மூட்டை அடிக்கிறார். பன்னிரண்டு வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண். ஒன்பதரைக்குக் கடை மூடியதும் அக்கா அந்த வாசலைப் பெருக்குவார், ரெண்டு மக்கு தண்ணீர் தெளிப்பார், பகல் வெயில் இறங்கிய கல் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். அது காய்கிற வரைக்கும் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தூங்கி வழிவார்கள். பிறகு தார்ப்பாய், அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஒரு பழைய சேலை. படுத்ததும் இன்னொரு சேலையின் ஒரு முனையைச் சின்னவளின் கணுக்காலில் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். "எவனாவது தூக்கினாலும் எனக்கு இழுக்கும் இல்ல?" என்றார் ஒருநாள், நான் கேட்காமலே. அந்தத் தெருவில் கைக்குழந்தையோடு படுக்கும் பெண்கள் பலரும் இப்படித்தான் படுக்கிறார்கள். யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் இருட்டிலேயே குளித்து, அஞ்சரைக்குள் எல்லாவற்றையும் சுருட்டி வண்டியில் கட்டிவிடுவார்கள். கடைக்காரர் வரும்போது அங்கே ஒரு குடும்பம் படுத்த சுவடே இருக்காது.

அக்காவின் அம்மாவும் அதே தெருவில்தான் பிறந்தவர். மூன்று தலைமுறை.

மழைக்காலத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். சாரல் அடித்தால் தார்ப்பாய்க்குள் தண்ணீர் ஏறிவிடும், எழுந்து ஷட்டரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளையைத் தோளில் போட்டபடி, மழை விடுகிற வரைக்கும். நின்றுகொண்டே ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். மறுநாள் காலையில் அந்தப் பையன் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்த மடலின் முக்கியமான விஷயம். ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம், பையன்களுக்குத் தனி, பெண்பிள்ளைகளுக்குத் தனி. அவரும் சின்னவளும் ஒரு இடத்தில், வீட்டுக்காரர் ஒரு இடத்தில், பையன் இன்னொரு இடத்தில். "நாலு பேரு மூணு எடத்துல படுக்கணுமா சார்? காலைல யாரை எங்க தேடுறது? ஒண்ணா இருக்கணும்னுதான் இங்க இருக்கோம்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?

சென்னை இந்த விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது பொய். பல நகரங்களில் பேருக்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டு முடித்துக்கொண்டபோது, இங்கே முதியவர்களுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனியாக யோசித்து, தொண்டு நிறுவனங்களை நடத்தச் சொல்லி, கட்டடமும் பணமும் மாநகராட்சி கொடுக்கிறது. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வருகிறவர்கள் தங்க இடம் கட்டியது மிக நல்ல காரியம். அதற்கு முன்னால் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள் ஆஸ்பத்திரி மரத்தடியில் வாரக்கணக்கில் கிடந்தார்கள்.

அம்மா உணவகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2013இல் ஒரு ரூபாய் இட்லி, அஞ்சு ரூபாய் சாம்பார் சாதம், மூணு ரூபாய் தயிர் சாதம் என்று தொடங்கியபோது பலரும் அரசியல் கணக்குப் போட்டார்கள். பிளாட்பாரத்தில் சமைக்க முடியாத குடும்பத்துக்கு, ஒண்டிக்கட்டையாக இருக்கும் பெரியவருக்கு அது சோறு. ஆட்சி மாறினாலும் அது நின்றுவிடவில்லை என்பதற்கு நன்றி சொல்கிறேன். உங்கள் வார்டில் இருக்கும் உணவகத்தில் சப்பாத்தி போடும் மெஷின் ரிப்பேர், இன்றைக்கு சப்பாத்தி கிடையாது என்று பலகை வைத்தால், அந்த ராத்திரி யாரோ ஒருவர் பட்டினி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2009 டிசம்பரில், கடுங்குளிரில், டெல்லி பூசா ரோடு பக்கம் இருந்த ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடித்தார்கள். அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உணவு உரிமை வழக்கோடு சேர்ந்தது, 2010இல் நீதிமன்றம் டெல்லியைத் தாண்டி மற்ற பெரிய நகரங்களையும் கேள்வி கேட்டது. அப்போது வந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷத்தில் 365 நாளும், நாளில் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். பிறகு 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்தியத் திட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது, ஒரு ஆளுக்கு 50 சதுர அடி இடம், படுக்கை, குடிநீர், கழிப்பறை, குளியலறை, சமையலறை, பொருள் வைக்க இடம் என்று.

நம் நகரம் 2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த எல்லைக்குள் அந்த வருஷக் கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம் பேர். அப்படியென்றால் அன்றைக்கே 67 காப்பகங்கள் வேண்டும். இன்றைக்கு மக்கள் தொகை எவ்வளவோ கூடிவிட்டது, காப்பகங்களோ ஐம்பதைச் சுற்றித்தான் நிற்கின்றன, அதிலும் ஒரு பங்கு மருத்துவமனைக் காப்பகங்கள். பிளாட்பாரக் குடும்பம் அங்கே போய்ப் படுக்க முடியாது. இருப்பதிலும் குடும்பத்தோடு தங்குகிற மாதிரி எத்தனை என்று உங்கள் மண்டல அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்.

எண்ணிக்கையை விட எனக்கு இடம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. காப்பகம் எங்கே இருக்கிறது? கட்டடம் காலியாக எங்கே கிடைத்ததோ அங்கே. ஆள் எங்கே படுக்கிறார்? வேலை எங்கே இருக்கிறதோ அங்கே. பூக்கடையில் விடியற்காலை பூ இறங்கும்போது ஆள் அங்கே இருந்தால்தான் அன்றைக்குக் கூலி. மூட்டை தூக்குகிறவர் கூப்பிடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். கோயம்பேட்டில் லோடு வண்டி வரும் நேரம் உங்களுக்கே தெரியும். மூணு கிலோமீட்டர் தள்ளி எவ்வளவு நல்ல கட்டில் போட்டாலும் அவர் அங்கே வரமாட்டார், வந்தால் சம்பாத்தியம் போய்விடும். "கூப்பிட்டோம், வரமாட்டேங்கிறாங்க, அவங்களுக்குப் பிளாட்பாரம்தான் பிடிக்குது" என்று சொல்பவர்களை நான் நிறையக் கேட்டுவிட்டேன். கொதிக்கிற கல்லில் பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு படுப்பது யாருக்குப் பிடிக்கும்?

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதுதான். வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அவர்கள் நடைபாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், போய்வருகிற நேரமும் செலவும் அவர்களால் தாங்க முடியாது, பிழைப்பைப் பறிப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதுதான் என்றார்கள். அது பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு. ஆனால் அதன் மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். ஊரில் நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் போனவர். 40 வருஷம் கழித்தும் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நடைபாதை யாருக்கும் சொந்தமில்லை, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்று அதே தீர்ப்பு சொன்ன இரண்டாவது பாதிதான் நடைமுறையில் வேலை செய்கிறது.

வீடு கொடுத்தோமே என்பீர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். என் தெருவில் இரண்டு குடும்பங்கள் அப்படி அங்கே போய், ஆறு மாசம் இருந்துவிட்டுத் திரும்ப இங்கேயே வந்து படுக்கின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள், சனிக்கிழமை ராத்திரி போய் ஞாயிற்றுக்கிழமை இருந்துவிட்டு வருவார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்றானது பெரிய உதவிதான், ஆனால் விடிவதற்கு முன்னால் பூ இறங்கும்போது எந்த பஸ்ஸில் வந்து நிற்பது? வீடுதான் கடைசித் தீர்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காப்பகம் ஒருநாளும் வீடாகிவிடாது. அந்த வீடு பிழைப்பு இருக்கும் இடத்தில் கிடைக்கிற வரைக்கும் ராத்திரி படுக்க ஓர் இடம் பக்கத்தில் வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொரு சம்பவம். போன வருஷம் ஐப்பசியில், எங்கள் ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே படுக்கும் பெரியவருக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போட்டது. அவர் எழுபதைத் தாண்டியவர், சொந்த ஊர் எதுவென்று சொல்லமாட்டார். ஆட்டோ வைத்து, நானும் டீக்கடைத் தம்பியுமாக ஒரு காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எந்தக் காப்பகம் என்று இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே இருந்த ஒரே காப்பாளரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆதார் கேட்டார், இல்லை என்றோம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். மணி பதினொன்றரை. பெரியவர் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சத்தம் போட்டோம். பிறகு அந்தக் காப்பாளர் தன் கையிலிருந்த போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்: இருப்பது அத்தனை கட்டிலிலும் ஆள் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி கேட்பது என்னைத்தான், எனக்கே மூணு மாசமாகச் சம்பளம் வரவில்லை சார். கடைசியில் அவரே பெரியவரை உள்ளே சேர்த்து வராண்டாவில் பாய் போட்டுக் கொடுத்தார், காலையில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார்.

அந்த மூணு மாசச் சம்பளம் என் மனதை விட்டுப் போகவில்லை. 40, 50 பேரை ராத்திரி பூராவும் பார்த்துக்கொள்கிற ஒரு ஆள். வாந்தி எடுத்தால் கழுவ வேண்டும், குடித்துவிட்டு வந்து சண்டை போட்டால் விலக்க வேண்டும், இறந்துபோனால் அடக்கம் செய்யச் சொந்தக்காரர் தேட வேண்டும். இந்த வேலைக்குக் கிடைப்பது குறைந்த சம்பளம், அதுவும் எந்த மாசம் வரும் என்று தெரியாது. திட்டப் பணம் மேலிருந்து தவணையாக இறங்கி, கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்து, நடத்துகிற நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அரிசிக் கடைக்காரர் கடனை நிறுத்திவிடுவார். மத்தியத் திட்டத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். டெல்லியிலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் காப்பகங்களுக்கு மாநகராட்சி பட்ஜெட்டில் தனித் தலைப்பில் பணம் இருக்க வேண்டும், மாசம் அஞ்சாம் தேதிக்குள் காப்பாளருக்குச் சம்பளம் போக வேண்டும். தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்டாமல் விடுவீர்களா?

மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் அலைகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நகரத்தில் 1794இலிருந்து ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது, 1993இலிருந்து தி பேனியன் போன்ற அமைப்பு தெருவில் கிடந்த பெண்களை மீட்டு, குணமாக்கி, ஊருக்கு அனுப்பியிருக்கிறது. அனுபவம் இல்லாத ஊர் இல்லை இது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம் என்கிறது, வறுமைக்கோட்டு அட்டை எதுவும் கேட்காமல். தெருவில் அப்படி ஒருவரைப் பார்த்தால் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது காவல் நிலையத்தின் கடமை என்கிறது. இது உங்கள் வார்டு காவல் நிலையத்துக்குத் தெரியுமா என்று ஒருமுறை போய்ப் பேசுங்கள். இன்னொரு பக்கம், 1945ஆம் ஆண்டின் பிச்சை தடுப்புச் சட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கை நீட்டினால் கைது. பிச்சையைத் தடை செய்யச் சொல்லி வந்த கோரிக்கையை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது, வறுமையால் வேறு வழியில்லாமல்தான் தெருவுக்கு வருகிறார்கள் என்றது. அந்த 1945 சட்டத்தைக் கைவிடச் சொல்லி மாமன்றம் அரசுக்கு ஒரு தீர்மானம் அனுப்பலாமே.

இப்போது உங்களிடம் நேரடியாக வருகிறேன். காப்பகம் கட்ட இடம் பார்க்கும்போது எல்லாம் என்ன நடக்கிறது? தெருக்காரர்கள் மனு கொடுக்கிறார்கள். "குடிகாரங்க வருவாங்க, பெண்பிள்ளைங்க இருக்கிற தெரு, வேற எங்கயாவது வைங்க." அந்த மனு கவுன்சிலரிடம் வருகிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் என்பதால் கவுன்சிலர் அதிகாரிக்குப் போன் போடுகிறார், காப்பகம் வேறு எங்கேயோ, யாரும் இல்லாத இடத்துக்குப் போகிறது. எங்கே ஆள் இல்லையோ அங்கே காப்பகம். நான் குறை சொல்வது அந்த ஒரு போன் காலைத்தான்.

பிளாட்பாரத்தில் படுக்கிறவர்களுக்கும் ஓட்டு உண்டு. வீட்டு முகவரி இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தேர்தல் ஆணையத்தின் விதியே இருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் வந்து, அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறார் என்று பார்த்து உறுதி செய்தால் போதும், முகவரிச் சான்று தேவையில்லை. என் தெருவில் பலருக்கு இது தெரியாது. அந்த அக்காவிடம் ஓட்டர் ஐடி இருக்கிறது, ஜாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் கவரில், ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாத் தேர்தலிலும் வரிசையில் நிற்கிறார். பிரச்சாரத்துக்கு வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆனால் வார்டு மக்களிடம் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடப்பதாக அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். உங்கள் வார்டில் ராத்திரி எத்தனை பேர் வெளியே படுக்கிறார்கள் என்று நீங்களே ஒருநாள் பதினொரு மணிக்குமேல் நடந்து எண்ணுங்கள். வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை, மின்ட் தெரு, எழும்பூர் ஸ்டேஷன் பக்கம், மெரினா என்று பெயர் தெரிந்த இடங்களோடு நிறுத்தாமல், மேம்பாலத்துக்கு அடியிலும் கோயில் மதில் ஓரத்திலும் பாருங்கள். அப்புறம் உங்கள் வார்டில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடங்களைப் பாருங்கள், பழைய வார்டு அலுவலகம், பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிக்கூடம், சமுதாயக் கூடத்தின் மாடி. எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது, அந்த அக்கா படுக்கும் இடத்திலிருந்து நாலு நிமிஷ நடை, வாசலில் பெரிய பூட்டு, உள்ளே அரசமரக் கன்று முளைத்திருக்கிறது. அதைக் குடும்பங்களுக்கான காப்பகமாக மாற்றலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, பூட்டுகிற அலமாரி ஒன்று, பெண்கள் வெளிச்சத்தில் பயமில்லாமல் போய்வரக் கழிப்பறை, பையன் புத்தகம் வைக்க ஒரு பலகை. பகலில் பூட்டாமல் திறந்து வையுங்கள், ராத்திரி வேலை பார்த்தவர் பகலில்தான் தூங்குவார். உள்ளே வர ஆதார் கேட்காதீர்கள், வந்தபிறகு எடுத்துக் கொடுங்கள்.

1913க்குப் போன் செய்தால் குப்பைக்கு வண்டி வருகிறது, தேங்கிய மழைநீருக்கு மோட்டார் வருகிறது. அதே எண்ணில் ராத்திரி ஒருவர் காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்று சொன்னால், எந்தக் காப்பகத்தில் எத்தனை கட்டில் காலி என்று பார்த்துச் சொல்லவும் கூட்டிப் போக ஒரு வண்டி அனுப்பவும் ஆள் இருக்க வேண்டும். கட்டில் கணக்கு தினமும் கணினியில் ஏறினால் போதும், பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில், வடிகால் தூர்வாரியதைப் பற்றி எல்லோரும் பேசுவீர்கள், பேசவும் வேண்டும். நேரமில்லா நேரத்தில் (ஜீரோ அவரில்) ஒருவராவது எழுந்து, குடும்பக் காப்பகம் என் வார்டில் வரட்டும், கட்டடம் இதோ இருக்கிறது, தெருக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். தெருக்காரர்களிடம் பேசத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் டீக்கடைத் தம்பியும் வருகிறோம். அந்தப் பாத்திரக் கடைக்காரரும் வருவார், கேட்டுவிட்டேன். 14 வருஷத்தில் தன் கடைப் பூட்டில் ஒருவரும் கை வைத்ததில்லை, வாசலில் படுப்பவர்கள் இருப்பதால்தான் என்று கூட்டத்தில் சொல்லத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
பாரிமுனையில் கணக்கு எழுதும் ஒருவன்